அண்டை நிலத்தார் யார்? வீடமைப்புத் திட்ட அனுமதி வழக்குகளும் தோட்டத்திலிருந்து பெயர்ந்த மக்களும்

மலேசியத் தமிழரின் தோட்டப்புற வரலாற்றை ஆராய்ந்தோர் கூலி, தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி, கோயில் ஆகியவற்றைக் குறித்து நிறையவே எழுதியுள்ளனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டதும் மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்ததும் பலமுறை பதிவு பெற்றுள்ளன. ஆயினும், அவர்கள் பெயர்ந்து சென்ற இடங்களில் எந்நிலத்தில் எத்தனை மாடி எழலாம், யாருக்கு வீடு கிடைக்கும் என்பவற்றை முடிவு செய்த சட்டம் எது, அம்முடிவை எதிர்த்துக் கேட்கும் உரிமை யாருக்கு இருந்தது என்னும் வினாக்கள் தமிழில் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. வீடிழந்தோரின் துயரம் கதைகளிலும் கவிதைகளிலும் இடம்பெற்ற அளவிற்குச் சட்ட ஏடுகளில் அவர்களது இடம் ஆராயப்படவில்லை. இக்கட்டுரையில் நாம் ஒரு சொல்லை மட்டும் பின்தொடர்ந்து செல்கிறோம். அது ‘அண்டை நிலத்தார்’ என்பதாகும். ஊராட்சி மன்றம் ஒரு வீடமைப்புத் திட்டத்திற்கு அனுமதி வழங்குமுன் அண்டை நிலத்தாரைக் கேட்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. அச்சொல்லுக்குள் யார் அடங்கினர், யார் அடங்கவில்லை என்பதே நம் ஆய்வுப் பொருள்.

தேர்தல் இல்லாத மன்றங்கள்

நீதிமன்றத்தை நாடும் வழக்கம் ஏன் வளர்ந்தது என்பதை அறிய 1965ஆம் ஆண்டிற்குச் செல்ல வேண்டியுள்ளது. இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், அவ்வாண்டு மார்ச்சு மாதம் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அதே ஆண்டில் மேற்கு மலேசிய ஊராட்சி மன்றங்களின் செயற்பாட்டை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன் ஆவார். சுபாஷ் சந்திர போஸின் இயக்கத்திலும் பின்னர் ம.இ.கா.விலும் பணியாற்றியவர் என்ற அளவில் நம் மாணவர்கள் அவரை அறிவர். ஊராட்சியியல் துறையில் அவர் பெயர் தாங்கிய அறிக்கை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது என்பதை அறிந்தோர் குறைவு. 1968இல் நிறைவு பெற்ற அவ்வறிக்கை, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே தொடர வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம் மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் முறையை நிலைப்படுத்தியது.

அதே 1976இல்தான் நகர் மற்றும் கிராமத் திட்டமிடல் சட்டமும் இயற்றப்பட்டது. மன்றத்தின் கையில் திட்டமிடல் அதிகாரம் விரிந்தது. அம்மன்றத்தை வாக்கால் மாற்றும் வழி மூடப்பட்டது. கோலாலம்பூரின் நிலை இன்னும் வேறானது. அங்கு முடிவெடுக்கும் உறுப்பினர் அவை என ஒன்றில்லை. டத்தோ பண்டார் ஒருவரே சட்டத்தின் பார்வையில் திட்டமிடல் அதிகாரி. ஆலோசனை வாரியம் உண்டெனினும் முடிவு அவருடையதே. ஆகவே, அனுமதி தவறானது என்று கருதிய குடியிருப்பாளருக்கு மேல்முறையீட்டு வாரியமோ உயர் நீதிமன்றமோதான் எஞ்சிய வழியாயிற்று.

வேலிக்கு அப்பால் இருபது மீட்டர்

தீபகற்ப மாநிலங்களில் செல்லும் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு நம் ஆய்விற்கு மையமானது. ஓரிடத்திற்கு உள்ளூர்த் திட்டம் இல்லாதபோது, மேம்பாட்டு விண்ணப்பம் ஒன்று வந்தால், மன்றம் அண்டை நிலங்களின் உரிமையாளர்களுக்கு எழுத்து வழி அறிவிக்க வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் தம் மறுப்பைக் காரணத்துடன் தெரிவிக்கலாம். நேரில் விளக்கம் தரவும் கோரலாம். அண்டை நிலம் எது என்பதையும் அப்பிரிவே அளந்து சொல்கிறது. ஒட்டியுள்ள நிலம் ஒன்று. 20 மீட்டருக்கு மேற்படாத அகலமுள்ள சாலை, சந்து, வடிகால் அல்லது ஒதுக்கு நிலத்தால் பிரிக்கப்பட்ட நிலம் மற்றொன்று. இரு நிலத்தாரும் பயன்படுத்தும் முட்டுச்சாலையாக இருப்பின் 200 மீட்டருக்குள் அமைந்த நிலம் மூன்றாவது. மறுப்புத் தெரிவித்த உரிமையாளர், மன்றத்தின் முடிவில் மனநிறைவு பெறாவிடில் 23ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டு வாரியத்திற்குச் செல்லலாம்.

இங்கே இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கன. முதலாவது, சட்டம் பேசுவது நிலத்தின் உரிமையாளரைப் பற்றி. அந்நிலத்தில் வாழ்வோரைப் பற்றி அன்று. வேலிக்கு அப்புறம் முப்பது ஆண்டு குடியிருந்தவருக்கு நிலப்பட்டா இல்லையெனில் அறிவிப்புக் கடிதம் அவரைத் தேடி வராது. அந்நிலத்தின் உரிமையாளரான நிறுவனத்திற்கோ மாநில அரசிற்கோ செல்லும். இரண்டாவது, உள்ளூர்த் திட்டம் அரசிதழில் வெளியானபின் அண்டையார்க்கு அறிவிக்கும் கடமையே விலகிவிடுகிறது. திட்டம் வரைவாக இருக்கும்போதே பொதுமக்கள் கருத்துரைத்திருப்பர் என்பது அதன் அடிப்படை. வரைவுத் திட்டத்திற்குக் கருத்துரைக்கப் பட்டா தேவையில்லை, யாரும் கூறலாம். ஆனால் ஒரு மாவட்டம் முழுவதையும் வண்ணங்களால் காட்டும் வரைபடத்தில் தன் வீடிருக்கும் இடம் எந்நிறத்தில் உள்ளது, அந்நிறத்தின் பொருள் என்ன என்பதைத் தோட்ட வரிசை வீட்டில் குடியிருப்பவர் கண்டறிவது எவ்வளவு இயலும்? கேட்கும் உரிமை உள்ளபோது இடர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இடர் தெரியும்போது உரிமைக்குப் பட்டா கேட்கப்படுகிறது. சட்டத்தைத் திருத்தியோர் இதைக் கருதியே செய்தனர் என நாம் கூறவில்லை. விளைவு அவ்வாறு அமைந்தது.

கோலாலம்பூரில் இச்சட்டம் செல்லாது. அங்கு 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டமும், அதற்கு முந்திய 1970ஆம் ஆண்டின் திட்டமிடல் மேம்பாட்டு விதிகளும் நடைமுறையிலிருந்தன. 1969 மே மாதத்தை அடுத்த அவசர கால ஆணையின் கீழ்ப் பிறந்தவை அவ்விதிகள். நாடாளுமன்றமே இயங்காத காலத்து விதிகள் பின்னாளில் சாதாரணக் குடியிருப்பாளருக்குக் கேடயமாயின என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. நிலப் பயன்பாடோ குடியடர்த்தியோ மாற்றப்படும்போது அண்டை நிலத்தின் பதிவுபெற்ற உரிமையாளர் கேட்கப்பட வேண்டும் என அவற்றின் 5ஆம் விதி கூறிற்று. 1992இல் அன்றைய உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்றில் இவ்விதி உரைகல்லாயிற்று. அண்டை நிலத்தின் உரிமையாளரான பெண்மணி ஒருவர், தம்மைக் கேளாமல் வழங்கப்பட்ட அனுமதியை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அவரைக் கேளாதது விதிமீறல் எனக் கண்ட நீதிமன்றம் அனுமதியை நீக்கியது. தலைநகரின் மிகப் பெரிய நிருவாகத்தை எதிர்த்துத் தனியொருவர் வெல்ல முடியும் என்பதை அத்தீர்ப்புக் காட்டியது. எனினும் அவர் வென்றதற்குக் காரணம் அவர் பெயரில் இருந்த பட்டாவே.

வாசலில் நிற்கும் உரிமை

பட்டா இல்லாதவர் பொது நீதிமுறை மறுஆய்வு வழியே செல்லலாமே எனக் கேட்கலாம். அவ்வழியில் வழக்குரிமை என்னும் தடை இருந்தது. லிம் கிட் சியாங் வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக் குத்தகையை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 1988இல் உச்ச நீதிமன்றம் மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் அவருக்கு வழக்குரிமை இல்லை என்றது. தமக்கெனத் தனிப் பாதிப்பைக் காட்ட இயலாதவர் நீதிமன்ற வாசலைக் கடக்க முடியாது என்ற நிலை இதனால் இறுகியது. 2000ஆம் ஆண்டில் நீதிமன்ற விதிகள் திருத்தப்பட்டு, ஒரு முடிவால் பாதிப்புற்றவர் மறுஆய்வு கோரலாம் என்றாயிற்று. 2014இல் மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அச்சொற்றொடருக்கு விரிந்த பொருள் தந்தது. உண்மையான அக்கறை உடையவர் என்பது போதுமென்றது. காலவரம்பும் தளர்ந்தது. முன்னர் 40 நாளாக இருந்தது 2012ஆம் ஆண்டு விதிகளில் மூன்று மாதமாயிற்று.

அனுமதி வழங்கப்படும் கட்டத்திலேயே கேள்வி கேட்பது ஏன் இன்றியமையாதது என்பதற்கு ஹைலண்ட் டவர்ஸ் வழக்கைச் சுட்டலாம். 1993 டிசம்பர் 11ஆம் நாள் அவ்வடுக்குமாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 48 பேர் மாண்டனர். 2000இல் உயர் நீதிமன்றம் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்திற்கும் பொறுப்பில் 15 விழுக்காடு பங்குண்டு எனக் கண்டது. ஆனால் 2006இல் கூட்டரசு நீதிமன்றம், 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தரும் காப்பினைச் சுட்டி, கழகத்தைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. கட்டடம் எழுந்தபின் மன்றத்திடம் இழப்பீடு கேட்பது எத்துணைக் கடினம் என்பது இதனால் விளங்கும். கேட்க வேண்டிய நேரம் கல் நடுவதற்கு முன்னரே.

வேலையோடு வந்த வீடு

தோட்டத் தொழிலாளியின் வீடு எத்தகைய உடைமை? இவ்வினாவிற்கு விடையளித்தாலன்றி மேற்செல்ல இயலாது. தோட்ட நிருவாகம் வரிசை வீடுகளைக் கட்டித் தர வேண்டும் என்பதைத் தொழிற் சட்டங்கள் தொடர்ந்து வற்புறுத்தி வந்தன. 1966ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டமும் அதனிடத்தில் வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் அறையின் அளவு, நீர், கழிப்பிடம், குழந்தைக் காப்பகம் எனத் தரத்தைப் பேசின. வீடு தொழிலாளிக்கு உரியதாக வேண்டும் என எச்சட்டமும் கூறவில்லை. வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போயிற்று. மூன்று தலைமுறை ஒரே வீட்டில் பிறந்திருப்பினும் நிலச் சட்டத்தின் ஏட்டில் அவர்கள் பெயர் ஏறவில்லை. தோட்டம் தனியார் நிலம் என்பதால் ஊராட்சி மன்றத்தின் சேவையும் பெரும்பாலும் வாயிற்கதவோடு நின்றது. மன்றத்திற்கு அவர்கள் அயலார். நில அலுவலகத்திற்கு அவர்கள் பெயரற்றோர்.

தோட்டம் விற்கப்பட்டோ அரசால் கையகப்படுத்தப்பட்டோ போனபின் அங்கேயே தங்கியோர் புறம்போக்குவாசிகளாகக் கருதப்படும் இடர் எழுந்தது. 1982இல் பேராக் மாநில நிலம் பற்றிய வழக்கொன்றில் கூட்டரசு நீதிமன்றம், புறம்போக்குவாசிகளுக்குச் சட்டத்திலோ நியாய நெறியிலோ உரிமை இல்லை எனத் தீர்த்தது. 1991இல் சிலாங்கூர் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதைச் சற்றே வரையறுத்தது; அதிகாரிகளின் ஊக்கத்தோடு நிலத்தில் குடியேறியோரைச் சுருக்க நடைமுறையில் வெளியேற்றலாகாது என்பது அதன் போக்கு. இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் தோட்டத்திலிருந்து பெயர்ந்தோரின் வழக்குகள் நிகழ்ந்தன. பினாங்குக் கம்போங் புவா பாலாவின் முடிவை நாம் அறிவோம். 2009 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றத்தில் குடியிருப்பாளரின் முயற்சி தோற்றது. செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. அவ்வழக்கு நில உரிமை பற்றியது. திட்ட அனுமதி பற்றியதன்று. எனினும் பட்டா இல்லாதோரின் நிலையை அது தெளிவாகக் காட்டியது.

புக்கிட் கியாரா

திட்டமிடல் சட்டமும் தோட்ட வரலாறும் ஒரே நிலத்தில் சந்தித்த இடம் கோலாலம்பூரின் புக்கிட் கியாரா. ரப்பர் தோட்டமாயிருந்த அந்நிலத்தை அரசு கையகப்படுத்தியபோது, அங்கு உழைத்த குடும்பங்கள் 1980களின் தொடக்கத்தில் தாமான் துன் டாக்டர் இசுமாயில் குடியிருப்பின் ஓரத்தில் அமைக்கப்பட்ட நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டன. அவை தற்காலிக வீடுகள். நிலையான வீடு பின்னர் வரும் என்பதே அவர்கள் பெற்ற வாக்குறுதி. ஏறத்தாழ நூறு குடும்பங்கள் அவ்வாக்குறுதியோடு நாற்பது ஆண்டுகள் அங்கு வாழ்ந்தன. சுற்றிலும் மாளிகைகளும் அடுக்குமாடிகளும் எழுந்தன. முந்தைய தோட்டத்தின் ஒரு பகுதி குழிப்பந்து விளையாட்டிற்கும் குதிரையேற்றத்திற்குமான மன்றமாயிற்று. மற்றொரு பகுதி தாமான் ரிம்பா கியாரா என்னும் பொதுப் பூங்காவாயிற்று.

2017 ஜூலை 13ஆம் நாள், ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்புள்ள அப்பூங்காப் பகுதியில் ஏறத்தாழ 12 ஏக்கரில் வீடமைப்புத் திட்டம் ஒன்றிற்கு டத்தோ பண்டார் மேம்பாட்டு ஆணை வழங்கினார். எட்டுக் கோபுரங்களில் 1,766 உயர்விலை வீடுகள். 29 மாடிக் கட்டடம் ஒன்றில் 350 மலிவு விலை வீடுகள். நீண்ட வீட்டு மக்களுக்கான வீடுகள் இந்த 350இல் அடங்கும். நிலம் கூட்டரசுப் பிரதேச அறநிறுவனம் ஒன்றின் பெயரில் இருந்தது. தனியார் நிறுவனத்துடன் கூட்டாக அதை மேம்படுத்துவது திட்டம். இத்தொகையை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். நூறு குடும்பங்களுக்கு நாற்பது ஆண்டுகளாகத் தரப்படாத வீட்டைத் தருவதற்கு ஏறத்தாழ இரண்டாயிரத்து நூறு வீடுகள் கட்ட வேண்டியிருந்தது. வாக்குறுதி நிறைவேறும் விலை பொதுப் பூங்காவின் பாதியாக நிருணயிக்கப்பட்டது.

குடியிருப்போர் சங்கத்தாரும் அருகிலுள்ள அடுக்குமாடிகளின் நிருவாகக் கழகங்களும் சில தனியரும் 2017 ஆகஸ்டில் நீதிமுறை மறுஆய்வு கோரினர். நீண்ட வீட்டு மக்களுக்கு நிலையான வீடு வேண்டும் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. பூங்கா நிலத்தை அதற்கு ஈடாக்குவதையே எதிர்த்தனர். எனினும், பார்வையாளர் பலருக்கு இது பட்டா உடையோர் ஒருபுறமும் வீடு வேண்டி நிற்போர் மறுபுறமுமான வழக்காகத் தோன்றியது இயல்பே. 2018 நவம்பரில் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. 2021 ஜனவரி 27இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒருமனதாக ஆணையை நீக்கியது. 2023 ஏப்ரல் 18இல் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன்.

அத்தீர்ப்பின் சாரம் மூன்று. முதலாவது, 2004இல் அரசிதழில் வெளியான கோலாலம்பூர்க் கட்டமைப்புத் திட்டம் 2020 சட்ட வலிமை உடையது. அதில் பசுமைப் பொதுவெளியாகக் காட்டப்பட்டதை டத்தோ பண்டார் தம் விருப்பம்போல் ஒதுக்கிவிட இயலாது. அதுவரை இத்தகைய திட்டங்கள் வழிகாட்டிகளே என்னும் எண்ணம் நிருவாகத்தில் வேரூன்றியிருந்தது. உள்ளூர்த் திட்டத்தின் வரைவு 2008இலேயே வெளியானபோதும் அது அரசிதழ் ஏறியது 2018 அக்டோபரில்தான் என்பதையும் இங்கு நினைக்க வேண்டும். பத்தாண்டு இடைவெளியில் எத்தனை அனுமதிகள் சென்றிருக்கும்! இரண்டாவது, நிலத்தைக் கொண்டிருந்த அறநிறுவனத்தின் வாரியத்தில் டத்தோ பண்டாரும் இருந்தமையால் நலன்முரண் எழுந்தது. விண்ணப்பிப்பவரோடு தொடர்புடையவரே விண்ணப்பத்தைத் தீர்ப்பது ஏற்புடையதன்று. மூன்றாவது, வழக்குரிமையை நீதிமன்றம் குறுகிய நோக்கில் அளக்கவில்லை. அண்டை நிலத்தார் என்னும் சொல்லின் வேலி இத்தீர்ப்பால் சற்று விரிந்தது என்பது நம் கருத்து.

ஆனால் அவ்வேலி யார் பக்கம் விரிந்தது என்பதையும் கூற வேண்டும். ஆணை நீங்கியதோடு அதனுள் அடங்கியிருந்த 29 மாடிக் கட்டடமும் நீங்கியது. நீதிமுறை மறுஆய்வு ஒரு முடிவு சட்டத்திற்கு உட்பட்டதா என்பதைத்தான் ஆராயும். 1980களில் தரப்பட்ட வாக்குறுதியை நிறைவேற்றுமாறு ஆணையிடும் இடமாக அவ்வழக்கு இருக்கவில்லை. நீண்ட வீட்டு மக்களின் கோரிக்கை வழக்கேட்டில் திட்டத்திற்குத் துணைசெய்யும் காரணமாக நுழைந்தது. தனி உரிமையாக நுழையவில்லை. தீர்ப்பின்பின் அவர்களது வீட்டுத் தேவை மீண்டும் அரசின் கொள்கை முடிவாகவே கையாளப்பட்டது. தீர்ப்பைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. சட்டப்படி அது சரியான தீர்ப்பு என்றே கருதுகிறோம். குறை அதற்கு நாற்பதாண்டு முந்தியது. இடமாற்றம் செய்யப்பட்ட நாளில் வாக்குறுதி வீட்டுமனையாகவோ, காலவரையுள்ள ஒப்பந்தமாகவோ, கட்டமைப்புத் திட்டத்தின் ஒரு வரியாகவோ எழுதப்பட்டிருப்பின், அம்மக்களும் மன்றத்தின் முடிவை எதிர்த்து வாசலில் நிற்கத் தக்கவர் ஆகியிருப்பர்.

தாள்களைத் தேடி

1991ஆம் ஆண்டின் தீர்ப்பும் 2014ஆம் ஆண்டின் விரிந்த விளக்கமும் சேர்ந்து, பட்டா இல்லாதோர்க்கு ஒரு சிறு வழியைத் திறந்துள்ளன. தாம் அதிகாரிகளால் அங்கே குடியமர்த்தப்பட்டோம், நீண்டகாலம் வாழ்ந்தோம், முடிவால் நேரே பாதிக்கப்படுகிறோம் என்பதை மெய்ப்பிக்க இயன்றால் நீதிமன்றம் செவிசாய்க்க இடமுண்டு. மெய்ப்பிப்பதற்கு வேண்டியவை தாள்கள். இடமாற்றக் கடிதங்கள், தற்காலிக உரிமச் சீட்டுகள், தோட்ட நிருவாகத்தின் சம்பளச் சீட்டுகள், நீர்க் கட்டண இரசீதுகள் ஆகியவை வீடுகள் இடிக்கப்பட்டபோதே பெரும்பாலும் தொலைந்துபோயின. நினைவுகளைப் பதிவு செய்யும் வாய்மொழி வரலாற்று முயற்சிகள் இவற்றிற்கு ஈடாகா.

இங்கு நம் ஆசிரியர்களின் கையில் ஒரு கருவூலம் உள்ளதை நினைவூட்ட விரும்புகிறோம். தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளில் மாணவர் பெயர், தந்தை பெயர், தொழில், முகவரி, சேர்ந்த நாள் ஆகியன வரிசையாக எழுதப்பட்டுள்ளன. தோட்டம் மறைந்தபின் இடம் மாறிய பள்ளிகள் பலவும் தம் பழைய ஏடுகளைப் புதிய கட்டடத்திற்கு எடுத்துச் சென்றுள்ளன. ஒரு குடும்பம் ஒரே தோட்டத்து முகவரியில் எத்தனை ஆண்டு இருந்தது, எந்த ஆண்டில் நீண்ட வீட்டு முகவரிக்கு மாறியது என்பதை அவ்வேடுகளிலிருந்து ஆண்டுவாரியாகக் கூற இயலும். கல்வி வரலாற்றிற்காக மட்டுமே இதுவரை புரட்டப்பட்ட அவ்வேடுகளை நில வரலாற்றுச் சான்றாகவும் படியெடுத்து வைப்பது, கறையானும் ஈரமும் முந்திக்கொள்ளுமுன் செய்யவேண்டிய பணியாகும்.